65 வயதுக்கு மேல் தற்காப்பு வகுப்பில் சேரலாமா?

மாலைநடை எழுதியது:

வணக்கம். எனக்கு 67 வயது. தனியாக இருக்கிறேன், என் வேலைகளை நானே பார்த்துக்கொள்கிறேன். தினமும் மாலையில் நடக்கப் போவது வழக்கம். பக்கத்துத் தெருவில் என் வயதுப் பெண்மணி ஒருவரின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். பையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இழுத்த இழுப்பில் அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதிலிருந்து நான் வெளியே கிளம்பினாலே என் பிள்ளைகள் போன் செய்து தடுக்கிறார்கள்.

தற்காப்பு வகுப்பு ஒன்றில் சேரலாம் என்று யோசிக்கிறேன். இணையத்தில் இருக்கும் வீடியோக்களைப் பார்த்தால் எல்லாமே இளைஞர்களுக்கானவை. குனிகிறார்கள், உருள்கிறார்கள், காலைத் தூக்கி உதைக்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி உண்டு. எலும்பு மெலிவுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு உண்மையில் எதைக் கற்றுக்கொள்ளலாம்? பயிற்சி கொடுப்பவர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்கள், என் வயதுக்காரர்கள் யாரானாலும் சொல்லுங்கள். "வீட்டிலேயே இருங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

நிமிர்நடை எழுதியது:

அம்மா, நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் சொன்ன சம்பவத்திலேயே முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்தப் பெண்மணிக்குத் திருடனால் நேர்ந்த இழப்பு ஒரு பை. அவரைப் படுக்கையில் போட்டது விழுந்த விழுகை. அதனால் உங்கள் தற்காப்பு காலில் இருந்து ஆரம்பிக்கட்டும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே மிக அதிகம். நல்ல செய்தியும் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பு 108 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்த முதியவர்கள் விழுவது ஏறக்குறைய 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சிக்குத்தான் இதில் பெரிய பங்கு. தாய் சி என்ற மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியைப் பயில்பவர்களும் குறைவாகவே விழுவதாகத் தெரிகிறது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவாக்கிய வீட்டுப் பயிற்சி முறை ஒன்று உண்டு. நான் பலருக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஒரு பாதத்தின் குதிகாலை அடுத்த பாதத்தின் விரலோடு ஒட்டிவைத்து நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு காலை உயர்த்துவது என்று போகும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். ஆரம்பத்தில் சமையல் மேடையையோ கனமான மேசையையோ பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

பின்னோக்கி நடப்பதை மட்டும் தனியாக அழுத்திச் சொல்கிறேன். யாராவது திடீரென்று நெருங்கி வந்தால் எல்லோரும் ஓரடி பின்னால் வைப்பார்கள். பெரும்பாலானவர்கள் அந்த ஓரடியை இருபது வருடமாக வைத்தே இருக்கமாட்டார்கள். அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

வெறுங்கை எழுதியது:

நிமிர்நடை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் தற்காப்புக் கலை கற்பிப்பவன். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி வகுப்பு நடத்துகிறேன். அம்மா தாராளமாகச் சேரலாம். எந்த வகுப்பில் என்பதுதான் கேள்வி.

என் வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது நிற்பது. ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி, இரண்டு கைகளையும் நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்து உள்ளங்கை எதிராளியைப் பார்க்கும்படி வைப்பது. பார்ப்பவருக்கு "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்வதுபோல இருக்கும், சண்டைக்கு அழைப்பதுபோல இருக்காது. ஆனால் யாராவது தள்ளினால் கைகள் ஏற்கெனவே நடுவில் இருக்கின்றன, கால்களும் தாங்கும் நிலையில் இருக்கின்றன.

அடுத்தது குரல். "அங்கேயே நில்லு! கிட்ட வராதே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். மரியாதையாகவே பேசிப் பழகியவர்களுக்கு அடிப்பதைவிட இது கஷ்டம். என் வகுப்பில் பலருக்கும் முதல் நாள் குரலே எழும்பாது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகச் சொல்வேன். குரலுக்கு இரண்டு வேலை: எதிராளியின் திட்டத்தைக் குலைப்பது, சுற்றி இருப்பவர்களைத் திரும்பிப் பார்க்க வைப்பது.

கையைப் பிடித்துவிட்டால், பிடித்தவரின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளியை நோக்கிக் கையைத் திருப்ப வேண்டும். பிடியில் பலம் குறைந்த இடம் அது. கையால் மட்டும் வெடுக்கென்று இழுக்காமல் உடம்போடு சேர்ந்து திரும்பி விலக வேண்டும். தோள் மூட்டும் மெல்லிய தோலும் பிழைக்கும்.

கடைசி வழியாக அடிக்க வேண்டி வந்தால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடியுங்கள். முஷ்டியால் குத்தினால் சுண்டுவிரல் பக்கத்துக் கையெலும்பு உடையும். குத்துச்சண்டைப் பழக்கம் இல்லாத இளைஞர்களுக்கே அது அடிக்கடி நடக்கிறது. இடைவெளி கிடைத்த கணமே விலகிப் போய்விடுங்கள்.

உயர உதைப்பது, தரையில் புரண்டு சண்டை போடுவது, கத்தியைப் பிடுங்குவது ஆகியவற்றை இந்த வயதினருக்கு நான் கற்பிப்பதில்லை. கற்பிக்கிறோம் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

தொலைவில்மகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மறுபக்கத்தில் இருந்து பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் அம்மாவுக்கு 78 வயது, நான் வேறு நாட்டில் இருக்கிறேன். தற்காப்பு கற்றுக்கொண்டால் தைரியம் வரும் என்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் அம்மா திருடனோடு மல்லுக்கு நின்றால்? பையைக் கொடுத்திருந்தால் அதோடு போயிருக்கும். நான் பயப்படுவது அதற்குத்தான். வெளியே போகும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது அவ்வளவு தவறா?

கைத்தடித்துணை எழுதியது:

தம்பி, எனக்கு 74 வயது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. உங்கள் அம்மாவும் புரிந்துகொள்வார். ஆனால் நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: ஆமாம், தவறுதான்.

வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்த காலில் தசை கரையும். தசை கரைந்த கால் குளியலறையில் வழுக்கும். அப்புறம் தெருவில் போகிறவர் வருகிறவரின் பழக்கம் விட்டுப்போகும், அவசரத்துக்குக் கூப்பிட ஆள் இருக்காது. என் தெருவில் கடைக்காரர், காவலாளி, நாயோடு நடப்பவர் எல்லோருக்கும் என் முகம் தெரியும். நான் இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் வந்து விசாரிப்பார்கள். இந்தப் பாதுகாப்பை எந்தப் பூட்டு தரும்?

பையைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கும் பழக்கம் வேண்டும். பிடுங்கும்போது கை தானாகவே இறுக்கிக்கொள்ளும். அதனால் பட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குறுக்காக மாட்டிக்கொள்ளும் பை திருட்டுக்கு வசதி தராது என்பார்கள், ஆனால் வண்டியில் வருபவன் இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். நான் போன், வீட்டுச் சாவி, அடையாள அட்டை மூன்றையும் உடையோடு தைத்த உள்பையில் வைத்துக்கொள்கிறேன். கைப்பையில் போனால் போகட்டும் என்று விடக்கூடியவை மட்டும்தான். நடப்பது வண்டிகள் எதிரே வரும் பக்கமாக, பை சாலைக்கு மறுபக்கத் தோளில்.

வெறுங்கை ஐயாவுக்கு ஒரு கேள்வி. நான் ஊன்றுகோலோடு நடப்பவள். அதை வைத்துத் தற்காத்துக்கொள்ள முடியுமா?

வெறுங்கை எழுதியது:

முடியும், அம்மா. கைத்தடியைத் தற்காப்புக்குப் பயன்படுத்துவதற்கு முறையான பயிற்சிகளே இருந்திருக்கின்றன. 1900-ஐ ஒட்டி லண்டனில் பார்ட்டன் ரைட் என்பவர் தொடங்கிய பார்ட்டிட்சு என்ற தற்காப்புக் கலைப் பள்ளியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் விக்னி கைத்தடிச் சண்டையே கற்றுக்கொடுத்தார். ஆனால் அது கம்பீரத்துக்காகத் தடி வைத்திருந்த ஆட்களுக்கானது. நீங்கள் எடையைத் தாங்க வைத்திருக்கிறீர்கள். நீங்கள் தடியை ஓங்கினால் ஒரு காலை இழந்ததற்குச் சமம்.

அதனால் ஓங்காதீர்கள். தடியை நிலத்திலிருந்து எடுக்கும் முன், முதுகுக்குச் சுவரோ தூணோ கிடைக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்த பிறகு இரண்டு கையாலும் தடியைக் குறுக்காகப் பிடித்து இடைவெளியைக் காப்பாற்றுங்கள். நெருங்கினால் முனையால் வயிற்றுப் பக்கம் குத்தித் தள்ளுங்கள். வீசினால் பிடுங்கிக்கொள்வார்கள், நேராகக் குத்துவதைப் பிடிப்பது கடினம்.

@தொலைவில்மகன்: உங்கள் கவலை நியாயமானது. ஒழுங்கான வகுப்பில் முதலில் சொல்வதே "பொருளைக் கேட்டால் கொடு, ஆளைக் கேட்டால் எதிர்" என்பதுதான். எதையாவது தொலைவில் எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் போவதைக்கூடப் பயிற்சியாகச் செய்ய வைக்கிறோம். வண்டியில் ஏறு, வேறு இடத்துக்கு வா என்றால் மட்டும் இருக்கும் இடத்திலேயே முழு பலத்தோடு கத்திப் போராட வேண்டும்.

நிமிர்நடை எழுதியது:

ஊன்றுகோல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதன் உயரமே பலருக்குச் சரியாக இருப்பதில்லை. செருப்போ காலணியோ போட்டுக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நேராக நின்றால் பிடி உங்கள் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அடியில் இருக்கும் ரப்பரின் வரிகள் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஈரத்தில் தேய்ந்த ரப்பர் வழுக்குவதால் வருகிற ஆபத்து எந்தத் திருடனையும்விட அதிகம்.

இரவுப்பணி எழுதியது:

ஓய்வு பெற்ற செவிலியர் நான். அவசரப் பிரிவில் நிறைய வருடம் இருந்தேன். மூன்று விஷயங்களை இங்கே யாரும் தொடவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தலையில் அடிபட்டால், "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. தலைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில நாள், சில வாரம் கழித்துக்கூடக் குழப்பமும் தூக்கக் கலக்கமும் வரலாம். அன்றைக்கே காட்டிவிட வேண்டும். வகுப்பில் சேரும் முன்னாலும் இந்த மாத்திரையைப் பற்றிப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, விழுந்த பிறகு எழுவது. அடிபடாவிட்டாலும் எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தாலே பெரிய சிக்கல்கள் வரும். உடம்பு அழுத்திய இடத்தில் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும், உடல் குளிர்ந்துபோகும், நீர் வற்றும். தனியாக இருப்பவர்கள் எழும் முறையைக் கட்டாயம் பழக வேண்டும். முதலில் அவசரப்படாமல் படுத்தபடியே எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். எலும்பு முறிந்ததுபோல் இருந்தால் அசையாமல் உதவி கேட்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, கையும் முழங்காலும் தரையில் படும்படி வந்து, உறுதியான நாற்காலி வரை தவழ வேண்டும். நாற்காலியின் இருக்கையில் கைகளை வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். வீட்டில் வேறு ஆள் இருக்கும்போது, பாய் விரித்து இதைச் செய்து பாருங்கள்.

மூன்றாவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட மனசு வரவில்லை. இரவில் அடிபட்டு வந்த முதியவர்கள் பலரையும் அடித்தது தெருவில் போன யாரோ அல்ல. 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு வகைத் துன்புறுத்தலை அனுபவித்திருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடி மட்டும் அல்ல. திட்டுவது, மருந்தைத் தராமல் இருப்பது, பணத்தை எடுத்துக்கொள்வது எல்லாம் அதில் சேரும். மேல் கையின் உள்பக்கத்தில் விரல் தடம், "கதவில் இடித்துக்கொண்டேன்" என்ற வார்த்தை, பக்கத்தில் நின்று எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லும் உறவினர்... இவற்றைப் பார்த்தால் நாங்கள் நோயாளியோடு தனியாகப் பேச ஒரு காரணம் கண்டுபிடிப்போம்.

மாலைநடை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பிள்ளைகளுக்கும் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். பெப்பர் ஸ்பிரேயும், கத்துகிற சிறிய அலாரமும் வாங்கித் தருகிறேன் என்கிறாள் மகள். வாங்கலாமா?

வெறுங்கை எழுதியது:

அலாரம் வாங்கலாம். சிறியதாக இருந்தாலும் பல அலாரங்கள் 120 டெசிபல் வரை கத்தும். பையின் அடியில் போட்டால் பயனில்லை. உள்ளங்கையிலோ பட்டையிலோ, ஒரே இழுப்பில் ஊசி கழன்று வரும்படி இருக்க வேண்டும். பாட்டரியை மாதம் ஒருமுறை பாருங்கள். விரலில் வாதம் இருந்தால் பொத்தானை அழுத்தும் வகையைவிடக் கயிற்றை இழுக்கும் வகை நல்லது.

ஸ்பிரே விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. எதிர்க்காற்றில் அது உங்கள் முகத்துக்கே வரும். ஆஸ்துமா இருந்தால் உங்களுக்குத்தான் ஆபத்து. பதற்றத்தில் மூடியைத் திருப்பிக் குறிவைக்க நல்ல பயிற்சி வேண்டும். காலாவதித் தேதியும் உண்டு. சட்டமும் இடத்துக்கு இடம் வேறு: பிரிட்டனில் 1968-ஆம் வருடத்துத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். பயணம் போகிறவர்கள் விசாரிக்காமல் கொண்டுபோகாதீர்கள்.

தொலைவில்மகன் எழுதியது:

போன் பற்றி நானும் சொல்கிறேன், இதிலாவது உதவுகிறேன். இப்போதைய ஸ்மார்ட்போன்களில் அவசர அழைப்புக்கு வழி இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை ஐந்து முறை வேகமாக அழுத்தினால் போதும், அமைப்புகளில் அதை இயக்கி வைக்க வேண்டும். ஆப்பிள் கைக்கடிகாரம் 2018-இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து விழுந்ததைக் கண்டறியும். பிறந்த தேதிப்படி 55 வயது ஆனவர்களுக்கு அது தானாகவே இயங்கும்படி வைத்திருக்கிறார்கள். பெற்றோருக்கு வாங்கித் தந்தால் கையோடு இதையும் அமைத்து, எப்படி வேலை செய்யும் என்று காட்டிவிட்டு வாருங்கள்.

தெளிந்தகண் எழுதியது:

நடை பற்றி ஒன்று சேர்க்கிறேன். கிரேசன், ஸ்டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நியூயார்க் தெருவில் நடப்பவர்களைப் படம் எடுத்து, தாக்குதல் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களிடம் காட்டி, யாரைத் தாக்குவது எளிது என்று கேட்டார்கள். கைதிகள் சுட்டிக்காட்டியவர்களின் நடையில் பொதுவான சில அம்சங்கள் இருந்தன. எடுத்துவைக்கும் அடி ரொம்ப நீளமாகவோ குட்டையாகவோ இருந்தது, கையும் காலும் ஒத்திசைந்து போகவில்லை. ஆகவே நிமிர்ந்து, சுற்றிலும் பார்த்து நடங்கள்.

கைத்தடித்துணை எழுதியது:

தெளிந்தகண் அவர்களே, ஆய்வு உண்மையாகவே இருக்கட்டும். மூட்டு தேய்ந்தவள் அடிவைக்கும் நீளத்தை எப்படி மாற்றுவது? "உன் நடை சரியில்லை, அதனால்தான் உன்னைக் குறிவைத்தான்" என்று அடிபட்டவர் மேலேயே பழி போடுவதில் போய் முடியக் கூடாது.

நிமிர்நடை எழுதியது:

இரண்டு பேரும் சொல்வது சரி. மூட்டை மாற்ற முடியாது. தலையை நிமிர்த்துவதும் அவ்வப்போது திரும்பிப் பார்ப்பதும் யாராலும் முடியும். வயதாக ஆகக் கண்ணின் பாப்பா சுருங்கும். 60 வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம், 20 வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் கண் பழகவும் அதிக நேரம் ஆகும். அதனால் அந்தி நேரத்தில் கட்டடத்திலிருந்து வெளியே வந்ததும் வாசலிலேயே கொஞ்சம் நில்லுங்கள். கண்ணும் பழகும், தெருவில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியும். காது கேட்கும் கருவி இருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டு மணி அடித்தால் ஓடாதீர்கள், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். "வருகிறேன், பொறுங்கள்" என்று உட்கார்ந்தபடியே குரல் கொடுங்கள். காத்திருக்க முடியாதவர் வந்த வேலை முக்கியமானதாக இருக்காது. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தேன் என்று சொன்னால், அவர் தரும் எண்ணுக்கு அழைக்காமல் உங்கள் பழைய ரசீதில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து விசாரியுங்கள். அதுவரை கதவுச் சங்கிலி மாட்டியே இருக்கட்டும்.

பெயர்வேண்டாம் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரவுப்பணி அம்மா எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன். வீட்டில் இருப்பவரே கையை ஓங்கும்போது இந்த உள்ளங்கையும் குரலும் எப்படி உதவும்? கத்தினால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் முதல் பயம்.

இரவுப்பணி எழுதியது:

எழுதியது நல்லது. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

வீட்டுக்குள் நடக்கும்போது முதல் வேலை இடம் பார்ப்பது. சமையலறை, குளியலறை, மாடிப்படி ஓரம் மூன்றிலும் வாக்குவாதம் வேண்டாம், வெளிக்கதவுக்கு வழி இருக்கும் அறைக்கு நகர்ந்துவிடுங்கள். உங்கள் போன் உங்கள் உடம்போடு இருக்கட்டும். நம்பிக்கையான ஒருவரோடு சாதாரண வார்த்தை ஒன்றை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள், போனில் அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் உதவியோடு வர வேண்டும் என்று. அடையாள ஆவணங்கள், வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது "தனியாகப் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். காயம் இருந்தால் தேதியோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். பல நாடுகளில் முதியோருக்கென்றே உதவி எண் இருக்கிறது. இப்போதே ஆபத்து என்றால் அதற்கும் காத்திருக்காமல் காவல்துறை அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

அடிப்பவர் மறதி நோய் உள்ளவராக இருந்தால் நிலைமை வேறு. அப்போதும் அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, எட்டி நின்றுகொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி, சிறுநீர்த் தொற்று, மருந்து மாற்றம் என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம்.

அடுத்த வீட்டுக்குத் தெரியட்டும். தனிச்செய்தியில் எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள்.

கைத்தடித்துணை எழுதியது:

எனக்கும் எழுதுங்கள். பேசிக்கொண்டிருக்கவாவது ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மாலைநடை எழுதியது:

நடுவில் ஒரு செய்தி. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பு கண்டுபிடித்திருக்கிறேன். வரும் வாரம் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சேரும் முன் பயிற்சியாளரிடம் என்ன கேட்க வேண்டும்? விழும் பயிற்சியும் உண்டு என்றார். என் எலும்புக்கு அது சரிப்படுமா?

வெறுங்கை எழுதியது:

முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஜூடோ போன்ற கலைகளில் விழும் உத்தி உண்டு. பக்கவாட்டில் விழும்போது அப்படி உருண்டு விழுந்தால் இடுப்பில் விழும் அடியின் விசை குறைவதை நெதர்லாந்தின் நைமேகனில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் எலும்பு மெலிவு உள்ளவர் நின்ற நிலையிலிருந்து விழுந்து பழக வேண்டாம். கனமான மெத்தையில், மண்டியிட்ட நிலையிலிருந்தோ உட்கார்ந்த நிலையிலிருந்தோ மட்டும், அதுவும் மருத்துவர் சம்மதித்தால்.

பயிற்சியாளரிடம் கேளுங்கள்: உங்கள் வயதினருக்கு முன்பு கற்பித்திருக்கிறாரா, முதலுதவி தெரியுமா, வலித்தால் நிறுத்திக்கொள்ள என்ன அடையாளம், நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்ய மாற்றுப் பயிற்சி இருக்கிறதா. ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காவிட்டால் சேர வேண்டாம். சேர்ந்தால், மாலை நடைக்குப் போடும் அதே காலணி, அதே மூக்குக்கண்ணாடி, அதே பையோடு போங்கள்.

மாலைநடை எழுதியது:

சரி. செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.